இடது விளக்கில் ஒரு மடக்குத் தண்ணீர்

இரண்டாம் முறையும் சான்று வில்லை கிடைக்கவில்லை.
பரிசோதனைக் கூடத்தில் ஒனோஃப்ரே
பேனாவின் பின்முனையால் முகப்பு விளக்கைத் தட்டினார்.
உள்ளே ஒரு சின்ன அலை எழுந்து அடங்கியது.
"மீன் வளர்க்கிறீர்களா, செனியோரா?"
பின்னால் வரிசையில் நின்ற லாரிக்காரன் சிரித்தான்.
நானும் சிரித்து வைத்தேன்.

வால்திவியாவில் மழை வந்தால் அது செய்தியில்லை.
மே மாதம் வாயைத் திறந்த தகரக்கூரை
செப்டம்பர் வரை மூடாது.
விறகு நனையும். உப்பு கசியும்.
அலமாரியில் தொங்கும் கோட்டின் அக்குளில்
பூஞ்சை பூக்கும்.
ஆற்றோர மீன் சந்தையில் கடல் சிங்கங்கள் மட்டும்
வீட்டு வாடகை பாக்கியில்லாதவர்கள்போலச்
சாய்ந்து கிடக்கும்.

நான் பங்கு டாக்சி ஓட்டுகிறவள்.
நாலு பேர் ஏறினால் கண்ணாடியெல்லாம் மூச்சு.
பழைய காலுறையால் துடைத்துவிடுவேன்.
விளக்குக்குள் கை போகாது.

முதலில் வெறும் ஆவிதான்,
காலையில் படர்ந்து, பத்து மணிக்குள் போய்விடும்.
பிறகு துளிகள்.
பிறகு அடியில் ஒரு மடக்குத் தண்ணீர்,
வளைவுகளில் என்னோடு சேர்ந்து சாய்ந்தது.
இரவில் சாலையில் விழுந்த வெளிச்சம்
கஞ்சித் தண்ணீர்.
ஒரு நாயை நாயென்று அறிய
பிரேக் போட வேண்டியிருந்தது.

ஏறியவர்கள் எல்லோரிடமும் வைத்தியம் இருந்தது.
அரிசிப் பொட்டலம் வை என்றாள் ரோசாம்பா,
அவள் கைப்பேசி ஆற்றில் விழுந்தபோது வைத்தாளாம்.
பிழைத்ததா?
"இல்லை. ஆனால் ஈரம் போய்விட்டது."

என் மருமகன் எலிசெயோ பேசவில்லை, செய்தான்.
போன வருடம், சிலிக்கான் குழலைப் பிதுக்கிப் பிதுக்கி
விளிம்பு, இடுக்கு, கண்ட துளை, காணாத துளை
அத்தனையும் அடைத்தான்,
கல்யாண கேக்குக்குப் பூசுவதுபோல.
"இனி ஒரு சொட்டு நுழையாது, அத்தை."

நுழைந்தது. வெளியேதான் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மின்சாரமும் இல்லை.
பம்பரைக் கழற்றினேன். ஐந்து திருகு வந்தது,
ஆறாவது எந்தக் காலத்திலோ விழுந்துபோயிருந்தது.
விளக்கை வெந்த பூசணிபோல ஏந்தி
அடுப்பறைக்குக் கொண்டுவந்து,
பல்பு வாயைக் கவிழ்த்தேன்.
மடக் மடக்கென்று குடித்ததெல்லாம் கக்கியது.
ஒரு கொசுவின் இறக்கையும் வந்தது.
விறகடுப்புக்கு எதிரே நாற்காலியில் உட்காரவைத்தேன்.
சாயங்காலத்துக்குள் பளிங்கு.
பின்மூடியின் ரப்பர் வளையம் தட்டையாகிக் கிடந்தது.
பழைய டயர் டியூபில் வேறொன்று வெட்டிப் போட்டேன்.
பூட்டிவிட்டுத் தூங்கினேன், நிம்மதியாக.

காலையில் மறுபடி ஆவி.

அப்போது எனக்கு வந்த கோபத்தில்
வலது விளக்கையும் கழற்றினேன்.
அதே வயது, அதே மழை,
ஒருநாளும் மங்காதது.
ஏன் என்று நான் அதைக் கேட்டதே இல்லை.

முதுகில் இரண்டு குட்டி ரப்பர் முழங்கைகள்,
வாய் கீழ்நோக்கி, திறந்து.
இடதில் அதே இடத்தில்
இரண்டு வெள்ளைக் கட்டிகள்.
எலிசெயோவின் கைவண்ணம்.

எரியும்போது உள்ளிருக்கும் காற்று பெருகி வெளியே வரும்.
அணைந்ததும் சுருங்கி, வெளிக்காற்றை இழுக்கும்.
விளக்கும் மூச்சுவிடும்,
நாங்கள் மூக்கை அடைத்துவிட்டு
ஏன் வியர்க்கிறாய் என்று திட்டியிருக்கிறோம்.

குரோஷா ஊசியால் கொத்திக் கொத்தி எடுத்தேன்.
ஒன்று சுலபமாக வந்தது.
இன்னொன்றின் உள்ளே, சிலிக்கானுக்கும் முந்தியதாய்,
ஒரு சிலந்தி கட்டிய வீடு. ஆள் இல்லை.

மூன்றாம் முறை ஒனோஃப்ரே தட்டினார்.
அலை இல்லை.
குனிந்தார். மூலையில் ஒரு நகக்கண் அளவு மங்கல்.
"இது?"
"பத்து மணிக்குப் போய்விடும்."
கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது ஐம்பது.
காபி குடிக்கப் போனார். நான் வண்டியிலேயே இருந்தேன்,
மழையைக் கேட்டுக்கொண்டு.
திரும்பி வந்து, கண்ணாடியில் வில்லையை ஒட்டினார்,
சற்றுக் கோணலாக.

நேற்று எலிசெயோ வந்தான்.
குளியலறை ஜன்னலில் நீர் வழிவதைப் பார்த்தான்,
பார்த்துக்கொண்டே இருந்தான்,
பிறகு டிக்கியைத் திறக்கப் போனான்.
முதலில் டீ குடி என்றேன்.